ஐ. எம். பெய்: முக்கோணங்களுக்குப் பின்னால் இருந்த நிலக் கணக்கு

கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய்யைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. வாஷிங்டன், பாரிஸ், ஹாங்காங், தோஹா என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நகரங்களில், அந்தந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட கட்டடங்களை வடிவமைக்கும் வாய்ப்பு ஐ. எம். பெய் என்ற ஒரே கட்டடக் கலைஞருக்கு எப்படிக் கிடைத்தது என்பது முதலாவது. முக்கோணத்தையும் கண்ணாடியையும் திரும்பத் திரும்பக் கையாண்டதைத் தவிர அவரிடம் வேறு என்ன இருந்தது என்பது இரண்டாவது. பாஸ்டனில் கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்த கோபுரமும் அவருடையதுதானே என்பது மூன்றாவது. இம்மூன்றுக்குமான விடை, அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வரிகளில் கடந்துவிடும் 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே பாரிஸின் லூவர் அருங்காட்சியக முற்றத்தில் அவர் எழுப்பிய புகழ்பெற்ற கண்ணாடிப் பிரமிடில் தொடங்காமல் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெய் 1917-இல் சீனாவின் குவாங்சோவில் பிறந்தார். தந்தை சீன வங்கியில் உயர் பொறுப்பில் இருந்தவர். ஹாங்காங்கிலும் பின்னர் ஷாங்காயிலும் குடும்பம் வாழ்ந்தது. பூர்விக ஊரான சூசோவில் சிங்கத் தோப்பு என்னும் புகழ்பெற்ற பழந்தோட்டம் அப்போது அவர்கள் குடும்பத்தின் உடைமையாக இருந்தது. 1935-இல் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சில வாரங்கள்கூட நிலைக்காமல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாறி, 1940-இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றினார். கட்டடங்களை எப்படித் தகர்ப்பது என்பதுதான் அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பிறகு ஹார்வர்டில், நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான வால்டர் குரோப்பியஸிடம் பயின்று 1946-இல் முதுநிலைப் பட்டம் முடித்தார். நவீனக் கட்டடக்கலை எங்கும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்ற போக்கு வலுவாக இருந்த அந்தப் பள்ளியில், முற்றங்களையும் தோட்டத்தையும் மையமாக வைத்து ஷாங்காய் நகரத்துக்கான ஓர் அருங்காட்சியகத்தை அவர் தம் ஆய்வுத் திட்டமாக வரைந்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துச் சூசோவில் அவர் கட்டியதன் விதை அந்த வரைபடத்தில் இருந்தது.

சீனாவுக்குத் திரும்பும் எண்ணம் உள்நாட்டுப் போராலும் 1949-இன் ஆட்சி மாற்றத்தாலும் நின்றுபோயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1948-இல், அவருடைய சக மாணவர்கள் முகம் சுளிக்கும்படியான ஒரு முடிவை அவர் எடுத்திருந்தார். பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரிடம் உதவியாளராகச் சேராமல், வில்லியம் செக்கெண்டார்ஃப் என்ற நியூயார்க் ரியல் எஸ்டேட் அதிபரின் வெப் அண்ட் நாப் நிறுவனத்தில் கட்டடக்கலைப் பிரிவின் தலைவராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். செக்கெண்டார்ஃப் சாதாரண நில வணிகர் அல்லர். ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகம் இன்று இருக்கும் ஈஸ்ட் ரிவர் கரையோர நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்து வைத்திருந்தவர் அவரே. 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் அமெரிக்க நகரங்கள் தம் பழைய பகுதிகளை இடித்துப் புதுப்பிக்க அரசுப் பணத்தை அள்ளிக் கொட்டிய காலம் அது. அந்தப் பணம் எங்கே பாய்கிறதோ அங்கே செக்கெண்டார்ஃப் இருந்தார். அவருடன் வரைபடச் சுருளோடு பெய்யும் இருந்தார்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெய் கற்றவை எந்தக் கட்டடக்கலைப் பள்ளியிலும் கற்பிக்கப்படாதவை. ஒரு மனை ஏன் விலைபோகிறது, பக்கத்து மனையில் நாளை என்ன வரும், மேயர் எதைக் கண்டு அஞ்சுவார், வங்கி எந்த இடத்தில் கையை விரிக்கும், கட்டுமானச் செலவில் எந்தக் கணக்கு உண்மையானது, எது ஒப்பந்ததாரர் ஊதிப் பெருக்கியது என்பனவெல்லாம் அவருக்கு அங்கேதான் அத்துபடியாயின. டென்வரின் மைல் ஹை சென்டரும் நியூயார்க்கின் கிப்ஸ் பே குடியிருப்பும் அக்காலத்தவை. கிப்ஸ் பேயில் செங்கல் முகப்பையே விட்டுவிட்டார். அங்கேயே வார்க்கப்பட்ட கான்கிரீட் சட்டகம்தான் கட்டடத்தைத் தாங்குவதும். அதுவே சன்னல்களின் சட்டமும், அதுவே வெளித்தோற்றமும். குறைந்த செலவில் கட்ட வேண்டிய குடியிருப்பில் பூச்சு வேலையை ஒழித்துவிட்டு, அந்தச் செலவை வார்ப்பின் நேர்த்திக்குத் திருப்பிவிடும் உபாயம் இது. கான்கிரீட்டைக் கல்லைப் போல மதித்து வார்க்கும் பழக்கம் அவருக்கு ஆடம்பரத்தால் வந்ததன்று, சிக்கனத்தால் வந்தது.

1960-இல் செக்கெண்டார்ஃபை விட்டு முழுமையாகப் பிரிந்தபோது, பெய் தனி மனிதராக வெளியே வரவில்லை. ஹென்றி காப், ஜேம்ஸ் ஃப்ரீட் உள்ளிட்ட தேர்ந்த ஒரு குழு அவருடன் வந்தது. செக்கெண்டார்ஃபின் நிறுவனம் 1965-இல் திவாலாயிற்று; அதற்குள் பெய் நெடுந்தொலைவு வந்துவிட்டிருந்தார். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. ரியல் எஸ்டேட்காரரின் கட்டடக் கலைஞர் என்ற முத்திரை விழுந்திருந்தது; கலை நயத்துக்காக எவரும் அவரைத் தேடி வரவில்லை.

அந்த முத்திரையை அழித்தது கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகருக்கு மேலே, ராக்கி மலையடிவாரத்து மேட்டில் அவர் கட்டிய தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையம். 1961-இல் தொடங்கி 1967-இல் முடிந்தது. நகரங்களில் பழகிய அவருடைய அளவுகள் எவையும் அங்கே செல்லுபடியாகவில்லை. எதை வரைந்தாலும் பின்னால் நிற்கும் மலை அதைச் சிறுபிள்ளை விளையாட்டாக்கியது. தென்மேற்கு அமெரிக்கப் பகுதிகளில் சுற்றியவர், மேசா வெர்டேயில் பூர்வகுடி மக்கள் பாறைச் சரிவுகளில் கட்டியிருந்த குடியிருப்புகளைக் கண்டு வழி பிடித்தார். அந்த வட்டாரத்துக் கல்லையே உடைத்துக் கான்கிரீட்டில் ஜல்லியாகச் சேர்த்து, வார்த்த பிறகு மேற்பரப்பைக் கொத்தி, உள்ளிருக்கும் கல்லின் செந்நிறம் வெளியே தெரியும்படி செய்தார். சன்னல்களைக் குறைத்து, ஒடுங்கிய உயரமான திரள்களாகக் கட்டடத்தைப் பிரித்தார். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆறு மாடியா பத்து மாடியா என்று சொல்ல முடியாது. அளவு தெரியாததால்தான் மலையின் முன்னால் அது தோற்கவில்லை. பெய்யின் கட்டடங்களைப் பற்றிப் பேசுவோர் இதை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது.

1964-இல், மறைந்த அதிபர் கென்னடியின் நினைவு நூலகத்தைக் கட்ட ஜாக்குலின் கென்னடி அவரைத் தேர்ந்தெடுத்தார். லூயி கான், மீஸ் வான் டெர் ரோ போன்ற பெரும் பெயர்கள் பரிசீலனையில் இருந்தபோது, ஒப்பீட்டளவில் அறியப்படாத பெய் தேர்வானது அமெரிக்கா முழுவதும் அவர் பெயரைக் கொண்டுசேர்த்தது. ஆனால் கட்டடம் அவருக்குப் பெரிய நிறைவைத் தரவில்லை. அது முதலில் அமையவிருந்த, பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ் நகரவாசிகள் கூட்ட நெரிசலுக்கு அஞ்சி எதிர்த்ததால் இடம் மாறி, வடிவம் மாறி, இறுதியில் பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட் கடலோரத்தில் 1979-இல்தான் திறக்கப்பட்டது. உச்சி வெட்டப்பட்ட ஒரு கண்ணாடிப் பிரமிடு அந்தக் கைவிடப்பட்ட திட்டங்களுள் ஒன்றில் இருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இனி முக்கோணத்துக்கு வருவோம். வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த மனை, பென்சில்வேனியா அவென்யூ சாய்வாக வெட்டிச் செல்வதால் சரிவகமாக அமைந்திருந்தது. எதிரே 1941-இல் திறக்கப்பட்ட, முழுச் சமச்சீருடைய பழைய கட்டடம். புதியது அதன் நடுக்கோட்டை மதிக்க வேண்டும், கோணலான மனையையும் வீணாக்கக் கூடாது. பெய் சரிவகத்தை ஒரு மூலைவிட்டத்தால் இரண்டாகப் பிரித்தார்: ஒன்று இருசமபக்க முக்கோணம், மற்றொன்று செங்கோண முக்கோணம். முதலாவதில் காட்சிக்கூடங்கள், அதன் அச்சு பழைய கட்டடத்தின் நடுக்கோட்டோடு பொருந்துகிறது. இரண்டாவதில் ஆய்வு மையம். ஒரே கோட்டில் மனைச் சிக்கலும், பயன்பாட்டுப் பிரிவும், பழையதற்கான மரியாதையும் தீர்ந்தன. அவருடைய முக்கோணங்களை அலங்கார விருப்பம் என்று கருதுவோர் இந்த மனையின் வரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே முக்கோணத்தை நிலமே கேட்டது.

அந்த ஒற்றைக் கோட்டுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. பழைய கட்டடத்துக்குக் கல் எடுத்த டென்னசி மாநிலத்துச் சுரங்கங்களிலிருந்தே அதே இளஞ்சிவப்புச் சலவைக்கல் மீண்டும் வெட்டப்பட்டது. கான்கிரீட் பகுதிகள் நிறம் மாறித் தெரியாமலிருக்கச் சலவைக்கல் தூளைச் சேர்த்தார்கள். ஆய்வு மையத்தின் ஒரு மூலை 19 பாகைக் கூர்மையுடன் கத்தி முனைபோல நிற்கிறது. கல்லில் அவ்வளவு கூரிய விளிம்பு நிலைக்காது என்று எவரும் சொல்லக்கூடிய இடத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1978-இல் கட்டடம் திறந்த நாளிலிருந்து இன்றுவரை வருவோர் அந்த விளிம்பைக் கையால் தொட்டுப் பார்க்காமல் நகர்வதில்லை. கை எட்டும் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கல் கறுத்திருக்கிறது. பின்னாளில் சுவர்ப் பலகைகள் பிடிமானம் தளர்ந்து சாயத் தொடங்கியதால், வெளிச்சுவர்க் கற்களைக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டியதாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. இணைப்பு இடைவெளிகளே தெரியாமல் சுவர் ஒரே பரப்பாகத் தோன்ற வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு இப்படியும் ஒரு செலவு உண்டு. இருந்தும் அவருடைய கட்டடங்களுள் முதலிடத்தை நான் இதற்கே தருவேன்.

இந்தக் கட்டடத்தை வியந்தவர்களுள் ஒருவர் பிரான்சுவா மித்தரான். 1981-இல் பிரான்சின் அதிபரானவர், 1983-இல் போட்டி எதுவும் நடத்தாமல் லூவர் அருங்காட்சியகத்தைச் சீரமைக்கும் பொறுப்பைப் பெய்யிடம் அளித்தார். பெய் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சில மாதங்கள் அவகாசம் கேட்டு, எவருக்கும் சொல்லாமல் பாரிஸுக்கு வந்து லூவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகே சம்மதித்தார். அப்போதைய லூவரில் நிதி அமைச்சகம் ஒரு முழுச் சிறகை அடைத்திருந்தது. நடுமுற்றம் வாகன நிறுத்துமிடமாக இருந்தது. வருவோருக்கு வாயில் எது என்பதே தெரியாது. பொருள்களை வைக்கவும் பழுதுபார்க்கவும் போதிய இடமில்லை. இதை ஓர் அழகியல் சிக்கலாகப் பார்ப்பவர் முகப்பைத் திருத்தியிருப்பார். பெய் நில வணிகரின் கண்ணோடு பார்த்தார்: கட்டடத்தில் இடமில்லை, முற்றத்துக்கு அடியில் இருக்கிறது. மூன்று சிறகுகளையும் நிலத்தடியில் இணைத்துவிட்டால் நடக்கும் தொலைவும் குறையும், இடமும் கிடைக்கும். நிலத்தடி மண்டபத்துக்கு வெளிச்சம் வேண்டும். வாயில் இதுதான் என்று தொலைவிலிருந்தே தெரியவும் வேண்டும். தட்டையான கண்ணாடிக் கூரை கண்ணுக்குத் தெரியாது. உயர்ந்த பெட்டி வடிவம் அரண்மனையை மறைக்கும். ஒரே அடித்தளத்தின் மேல் மிகக் குறைந்த கன அளவை அடைத்துக்கொண்டு மேலெழும் வடிவம் பிரமிடு. ஆக, பிரமிடு இந்தத் திட்டத்தின் கடைசிப் பகுதி; உண்மையான லூவர் திட்டம் அதற்குக் கீழே இருக்கிறது.

1984 சனவரியில் வரலாற்றுச் சின்னங்களுக்கான உயர் ஆணையத்தின் முன் அதை அவர் விளக்கியபோது ஏச்சுதான் கிடைத்தது. பிரான்சுக்குத் தொடர்பில்லாத அமெரிக்கச் சீனர், எகிப்திய மன்னர்களின் கல்லறை வடிவத்தைக் கொண்டுவந்து பிரெஞ்சு அரண்மனையின் நடுவில் நடுகிறார் என்று செய்தித்தாள்கள் மாதக்கணக்கில் எழுதின. இந்த இடத்தில் பழைய பயிற்சி கைகொடுத்தது. பத்திரிகைகளோடு மல்லுக்கட்டாமல், லூவரின் துறைத் தலைவர்களை முதலில் தன் பக்கம் சேர்த்தார். அன்றைய பாரிஸ் மேயர் ழாக் சிராக், முழு அளவில் மாதிரி காட்டுங்கள் என்று கேட்டபோது, 1985 மே மாதத்தில் முற்றத்தில் கம்பிவடங்களை இழுத்துக் கட்டிப் பிரமிடின் விளிம்புகளை நிஜ அளவில் நிறுத்திக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். 21 மீட்டரைச் சற்றே தாண்டும் அந்த உயரம் அரண்மனையை விழுங்கிவிடாது என்பது கண்ணுக்கே விளங்கியது. எதிர்ப்பு அடியோடு மறையவில்லை, ஆனால் முனை மழுங்கிற்று.

கண்ணாடி விஷயத்தில் அவர் காட்டிய கறார் தனிக் கதை. சாதாரணக் கண்ணாடியில் இரும்புச் சேர்மத்தால் வரும் இலேசான பச்சை, அதன் வழியே பார்த்தால் அரண்மனையின் தேன் நிறக் கல்லை நோயுற்றதாகக் காட்டும் என்பது அவர் அச்சம். நிறமே இல்லாத கண்ணாடி வேண்டும் என்றார். பிரான்சின் கண்ணாடி உற்பத்தி நிறுவனமான சேன் கோபேன் தயங்கியது. இறுதியில் தூய வெண்மணலைக் கொண்டு அதற்கென்றே தனியாகச் செய்து தந்தது. கண்ணாடியைத் தாங்கும் எஃகுச் சட்டகம் பார்வையை மறைக்கக் கூடாது என்பதால், பந்தயப் பாய்மரப் படகுகளுக்குக் கம்பிவடம் செய்த ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் இழுவைக் கம்பிகளும் முடிச்சுகளும் செய்விக்கப்பட்டன. மொத்தம் 673 கண்ணாடிப் பலகைகள்; 666 என்று பரவியிருக்கும் கதை வெறும் கட்டுக்கதை. 1989-இல் திறந்தது. இன்றைய சிக்கல் வேறு: ஆண்டுக்கு 40 இலட்சம் பேர் அளவில் எண்ணிக் கட்டப்பட்ட நுழைவாயிலுக்கு 2018-இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஆகவேதான் கிழக்குப் பக்கத்தில் புதிய வாயில் அமைக்கும் திட்டத்தை 2025 சனவரியில் அதிபர் மக்ரோன் அறிவித்தார். வாயில் ஒன்றே போதும் என்ற பெய்யின் தீர்வு அதன் வெற்றியாலேயே திணறுகிறது.

ஹாங்காங்கின் சீன வங்கிக் கோபுரத்தில் முக்கோணம் மூன்றாவது காரணத்துக்காக வருகிறது. பக்கத்தில் நார்மன் ஃபாஸ்டர் பெரும் பொருட்செலவில் கட்டிய ஹெச்எஸ்பிசி வங்கித் தலைமையகம் 1985-இல் முடிந்திருந்தது. சீன வங்கியிடம் அவ்வளவு பணமில்லை. ஆனால் குள்ளமாகத் தெரியவும் கூடாது. சூறாவளிக் காற்றையும் தாங்க வேண்டும். சதுரத் தளத்தை மூலைவிட்டங்களால் நான்கு முக்கோணத் தண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு உயரத்தில் நிறுத்தினார் பெய். லெஸ்லி ராபர்ட்சன் என்ற பொறியாளருடன் சேர்ந்து, குறுக்குச் சட்டங்கள் சுமையை நான்கு மூலைத் தூண்களுக்குக் கொண்டுசெல்லும்படி அமைத்ததால் எஃகு வெகுவாக மிச்சமாயிற்று. மேலிருந்து இறங்கும் நடுத்தூண் 25-ஆவது தளத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே நடுவில் தூணே இல்லை. முகப்பில் பெருக்கல் குறிகள் தெரிவது கேடு என்று உள்ளூரில் பேச்செழவே, கிடைமட்டச் சட்டங்களை மறைத்து வைரக் கட்டங்களாக்கினார். கூரை 315 மீட்டர், கம்பங்களோடு 367 மீட்டர். 1990-இல் திறந்தபோது ஆசியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். அவருடைய தந்தை பல்லாண்டுகளுக்கு முன் பொறுப்பு வகித்த கிளை இருந்த அதே நகரம் இது. அந்தத் தொடர்பும் இந்த வேலை அவருக்கு வந்ததில் ஒரு பங்கு வகித்தது.

சறுக்கல்களும் உண்டு. பெய்ஜிங்குக்கு வெளியே மலையடிவாரத்தில் 1982-இல் அவர் கட்டிய நறுமண மலை விடுதி அவற்றுள் முக்கியமானது. தடைசெய்யப்பட்ட நகரம் எனப்படும் பழைய பேரரசர் அரண்மனைக்கு அருகே உயர்ந்த கட்டடம் கட்ட மறுத்து, வெள்ளைச் சுவரும் சாம்பல் ஓடும் முற்றமுமாகச் சீன மரபிலிருந்து ஒரு நவீன வழியைக் காட்ட விரும்பினார். அழைத்தவர்களோ அமெரிக்க வானளாவியை எதிர்பார்த்திருந்தார்கள். பராமரிப்பும் மோசமாக அமைய, கட்டடம் அவருக்கு மனத்தாங்கலாகவே நின்றது. அதில் தேறாத பாடம் 2006-இல் திறந்த சூசோ அருங்காட்சியகத்தில் தேறியது. அங்கே பக்கத்துத் தோட்டத்தின் வெள்ளை மதிலையே தாளாக வைத்து, பட்டை பட்டையாக அறுத்த பாறைகளை அதன்முன் நிறுத்தி, பழஞ்சீன மலை ஓவியம் ஒன்றைக் கல்லால் வரைந்திருக்கிறார். சிறுவயதில் ஓடி விளையாடிய சிங்கத் தோப்பின் பாறைகளைப் படியெடுக்காமல் விட்டதே அதன் சிறப்பு.

தோஹாவில் இசுலாமியக் கலை அருங்காட்சியகத்துக்குக் கடற்கரைச் சாலையோர மனைகள் அவருக்குக் காட்டப்பட்டன. அவர் எதையும் ஏற்கவில்லை. வளரும் நகரத்தில் இன்று திறந்த வெளியாக இருக்கும் பக்கத்து மனையில் நாளை ஒரு கோபுரம் எழும் என்பது செக்கெண்டார்ஃபிடம் வேலை பார்த்தவருக்குத் தெரியாததா? கடலுக்குள் தனித் தீவு ஒன்றை உருவாக்கித் தரச் சொன்னார், தந்தார்கள். கெய்ரோவின் இப்னு துலூன் மசூதி முற்றத்தில், தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதற்காக உள்ள மண்டபத்தின் எளிய திரளும், வெயிலில் அதன் மேல் மாறும் நிழலும் அவருக்கு மூல வடிவத்தைத் தந்தன. 2008-இல் அது திறந்தபோது அவருக்கு வயது 91.

கடைசியாகப் பாஸ்டன். ஜான் ஹான்காக் கோபுரத்தை வடிவமைத்தவர் பெய் அல்லர், அவருடைய கூட்டாளி ஹென்றி காப். 1973 சனவரிப் புயற்காற்றில் கட்டடம் முடியும் முன்பே கண்ணாடிகள் உடைந்து விழுந்தன. காலியான இடங்களில் ஒட்டுப்பலகை அடித்து மூடினார்கள். காற்றில் கோபுரம் ஆடியதுதான் காரணம் என்று பலர் இன்றும் எழுதுகிறார்கள்; அது சரியன்று. இரட்டைக் கண்ணாடிகளை இணைத்த ஈயப் பற்றவைப்பு சற்றும் நெகிழாமல் இறுகியிருந்ததால், அதிர்வுகள் அனைத்தும் கண்ணாடிக்கே சென்று விரிசல் கண்டன. மொத்தம் 10,344 பலகைகளும் மாற்றப்பட்டன. கோபுரத்தின் ஆட்டம் தனியான சிக்கல். அதற்கு உச்சியருகே 300 டன் எடையுள்ள இரண்டு நகரும் திண்மங்களும், நடுத்தண்டில் கூடுதல் எஃகுச் சட்டங்களும் வைக்கப்பட்டன. ஆனால் நிறுவனத்தின் பெயர்ப் பலகையில் இருந்தது பெய்யின் பெயர். சில ஆண்டுகள் பெரு நிறுவனங்கள் அவர்களைத் தேடி வரவே தயங்கின. பழி அவர் தலையில் விழுந்தபோது அதைக் காப் பக்கம் தள்ளிவிடாமல் இருந்தார். அதேபோல் நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மாநாட்டு மையம் ஜேம்ஸ் ஃப்ரீடின் வேலை; அதன் புகழும் பெரும்பாலும் பெய்யின் கணக்கில் எழுதப்படுகிறது. 1989-இல் நிறுவனத்தின் பெயரே பெய் காப் ஃப்ரீட் என்று மாறியது. ஆகவே பட்டியல் எழுதுவோர் கொலராடோ மையம், வாஷிங்டன் கிழக்குக் கட்டடம், லூவர், ஹாங்காங் கோபுரம், ஜப்பானின் மிஹோ அருங்காட்சியகம், சூசோ, தோஹா ஆகியவற்றைப் பெய்யின் கையாகவும், ஹான்காக்கைக் காப்பின் கையாகவும், ஜாவிட்ஸை ஃப்ரீடின் கையாகவும் எழுதுவதே முறை.